தேய்ந்துவிட்டதென்று ஓய்ந்துவிடலாமா?

நம் கடற்கரைப் பங்குகளில் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் நாம் கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. "சாமி, மூட்டு தேய்ஞ்சு போச்சாம். இனி ஒண்ணும் செய்ய ஏலாதாம்." தங்கச்சிமடத்துத் தோட்டங்களில் குந்தியிருந்து மல்லிகை நாற்று நட்டவர்கள், சின்னப்பாலத்துக் கடலில் பாறைகளை மிதித்துக் கடற்பாசி சேகரித்தவர்கள், தலையில் மீன்கூடையோடு ஊரூராய் நடந்தவர்கள், திண்ணையில் சம்மணமிட்டுப் பனையோலை முடைந்தவர்கள் என எத்தனையோ தாய்மார்கள் இதே சொற்களைச் சொல்லிவிட்டுக் கட்டிலோடு ஒடுங்கிவிடுகின்றனர்.

இந்த வாக்கியத்தின் முற்பாதி ஓரளவு உண்மை. பிற்பாதி முற்றிலும் பொய். அந்தப் பொய்யை நம்பி முடங்கியோர் பலர். அதற்கு அஞ்சி நகையை அடகு வைத்துத் தேவையற்ற ஊசிகளுக்குச் செலவிட்டோர் வேறு பலர். முழங்கால் மூட்டு நோயைக் கத்தி படாமல் ஆள்வது எப்படி, கத்தியின் துணை எப்போது வேண்டும் என்பதைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்துகொள்வது நலம்.

முதலில் ஒரு சொல். 'ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்' என்று மருத்துவர் கூறும் இந்நோய் நமக்கு மட்டும் வந்த சாபமன்று. 2019ஆம் ஆண்டில் உலகில் 52 கோடியே 80 இலட்சம் பேர் இதனால் துன்புற்றனர் என்றும், அவர்களில் 36 கோடியே 50 இலட்சம் பேருக்கு முழங்காலிலேயே நோய் இருந்தது என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நோயுற்றோரில் நூற்றுக்கு அறுபது பேர் பெண்கள். நம் நாட்டில் ஐந்து இடங்களில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதிக்கப்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது.

பாலமும் முழங்காலும்

பாம்பன் இரயில் பாலத்தை அறியாதார் நம்மில் இல்லை. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலம் கப்பல்களுக்கு வழிவிட்டுத் திறந்து மூடி, நூறாண்டுக்கு மேல் உழைத்தது. உப்புக்காற்று அதன் இரும்பைத் தின்றது. 2022 டிசம்பரில் அதன்மீது இரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. முழங்காலும் அவ்வாறே என்று நம்மவர் எண்ணுகின்றனர். உழைத்தது, தேய்ந்தது, இனி மாற்ற வேண்டியதுதான் என்பது அவர்கள் முடிவு.

இங்கேதான் பிழை நேர்கின்றது. இரும்பு உயிரற்றது, அசைய அசையத் தேயும். முழங்கால் உயிருள்ளது, அசையாவிட்டால்தான் வாடும். தொடையெலும்பும் கணைக்காலெலும்பும் கூடுமிடத்தில், சில மில்லிமீட்டர் தடிப்பில், வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கின்றது. அதற்கு இரத்தக் குழாய் இல்லை. அப்படியானால் உணவு எவ்வாறு கிடைக்கின்றது? நம் கடலில் கிடைக்கும் கடற்பஞ்சை நினைத்துப் பாருங்கள். அழுத்தினால் நீரைக் கக்கும், விட்டால் உறிஞ்சும். குருத்தெலும்பும் நாம் அடியெடுத்து வைக்கும்போது மூட்டிலுள்ள திரவத்தை வெளியேற்றி, காலைத் தூக்கும்போது உள்ளிழுத்துக்கொள்கின்றது. நடைதான் அதற்கு அன்னம். நாள் முழுதும் படுத்திருப்பவர் தம் முழங்காலைப் பட்டினி போடுகின்றார்.

இன்னொன்றும் அறிய வேண்டும். குருத்தெலும்பில் வலியறியும் நரம்பு இல்லை. அடியிலுள்ள எலும்பும், மூட்டைச் சுற்றிய உறையும், தசையுமே வலியை உணர்த்துகின்றன. ஆகவேதான் எக்ஸ்ரே படத்தில் மிகுதியான தேய்மானம் தெரிந்தும் வலியின்றி நடப்போர் உள்ளனர். படத்தில் சிறிதளவே தெரிந்தும் வலியால் வாடுவோரும் உள்ளனர். படம் நம் தலையெழுத்தன்று. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவருக்கு நடமாடும்போது மூட்டு வலித்து, காலை விறைப்பு அரைமணி நேரத்துக்குள் நீங்கிவிடுமானால், படம் எடுக்காமலே நோயைத் தீர்மானிக்கலாம் என்று பிரிட்டனின் 'நைஸ்' என்னும் அரசு நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகின்றது.

தசையே முதல் மருந்து

அதே நெறிமுறை முதன்மையாக வைக்கும் மருத்துவம் மூன்று: உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, நோயைப் பற்றிய தெளிவு. மாத்திரையும் ஊசியும் இவற்றுக்குப் பின்னரே வருகின்றன. மூட்டின் சுமையைத் தாங்குபவை அதைச் சுற்றிய தசைகள், சிறப்பாகத் தொடையின் முன்புறத் தசை. வலிக்கு அஞ்சி நடையைக் குறைத்தால் அத்தசை மெலிகின்றது. மெலிந்தால் மூட்டின் மேல் சுமை ஏறுகின்றது. சுமை ஏறினால் வலி மிகுகின்றது. இந்தச் சுழலை உடைக்க வேண்டும். வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகள் இவை:

1. கட்டிலில் கால் நீட்டி அமர்ந்து, முழங்காலின் அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். ஐந்து எண்ணும்வரை நிறுத்தித் தளர்த்துங்கள்.

2. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை மெல்ல நேராக நீட்டி, ஐந்து எண்ணி, மெல்ல இறக்குங்கள். பிறகு மறு கால்.

3. நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, மெதுவாகத் திரும்ப அமருங்கள். தொடக்கத்தில் கையூன்றலாம், நாளடைவில் கையை மார்பில் கட்டிக்கொண்டு செய்யுங்கள். நாற்காலி சுவரோடு ஒட்டியிருக்கட்டும்.

4. சுவரைப் பிடித்து நின்று குதிகால்களை உயர்த்தி இறக்குங்கள். அவ்வாறே நின்று ஒவ்வொரு காலையும் பக்கவாட்டில் உயர்த்தி இறக்குங்கள்.

ஒவ்வொன்றையும் பத்து முறை, இயன்றால் இரு சுற்று, கிழமைக்கு மூன்று நாளேனும் செய்க. இவற்றோடு நாள்தோறும் நடையும் வேண்டும். பத்து நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்தலாம்.

"பயிற்சி செய்தால் வலிக்கின்றதே" என்பீர்கள். ஓரளவு வலிப்பது இயல்பு. அது மூட்டு சிதைவதன் அறிகுறியன்று. தாங்கக்கூடிய வலி எழுந்து, மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்புமானால் அச்சமின்றித் தொடரலாம். அதற்கு மேல் நீடித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், பயிற்சியையே கைவிடாதீர்கள். பயனை உணர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இரண்டு நாளில் பலன் கேட்பது, நட்ட மறுநாளே மல்லிகை பறிக்கப் போவதற்கு ஒப்பாகும்.

கடலும் நமக்கு ஒரு மருத்துவமனையே. இடுப்பளவு நீரில் நிற்கும்போது உடலின் எடையில் ஏறத்தாழப் பாதியை நீரே தாங்கிக்கொள்கின்றது. நம் மக்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் 'பெண்கடல்' என்றும் மன்னார் வளைகுடாவை 'ஆண்கடல்' என்றும் அழைப்பர். அலையடங்கிய காலத்தில் பெண்கடலில், மணல் தரையுள்ள இடத்தில், துணையோடு இடுப்பளவு நீரில் கால்மணி நேரம் நடப்பது தரையில் நடக்க இயலாதவர்க்கும் இயலும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கும் அலை எழும். அப்போது கரையே நல்லது. தனியாக இறங்குதல் எக்காலத்திலும் கூடாது.

ஐந்து கிலோவின் கணக்கு

சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரமும், படி இறங்கும்போது மூன்றரை மடங்கும் முழங்காலில் விழுகின்றன. எடை மிகுந்த முதியோரை ஆராய்ந்து 2005இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, உடலில் குறையும் ஒவ்வொரு பங்கு எடைக்கும் அடியொன்றில் நான்கு பங்கு பாரம் முழங்காலிலிருந்து இறங்குகின்றது எனக் கண்டது. ஐந்து கிலோ குறைத்த தாய் ஒருவருக்கு ஓர் அடியில் இருபது கிலோ குறைகின்றது. ஆயிரம் அடி நடந்தால் இருபது டன்!

எவ்வாறு குறைப்பது? மீன் நமக்குக் குறைவின்றிக் கிடைக்கின்றது. தசையை வளர்க்கும் புரதம் அதில் உண்டு. பொரிக்காமல் குழம்பாகவோ அவித்தோ உண்ணுங்கள். சோற்றின் அளவைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள். நாளொன்றுக்கு ஐந்து முறை குடிக்கும் தேநீரில் கரையும் சர்க்கரையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எடை சரியாக உள்ளவர்கள் பட்டினி கிடக்க வேண்டா. அவர்களுக்குப் பயிற்சியே முதன்மை.

தரையிலிருந்து நாற்காலிக்கு

குந்தியிருத்தல் நம் வாழ்வோடு கலந்த பழக்கம். அரிவாள்மனை, அடுப்பு, மீன் தரம்பிரித்தல், நாற்று நடுதல், கழிப்பறை என எல்லாவற்றுக்கும் குந்துகின்றோம். பீகிங் நகர மக்களிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வு, இளவயதில் நாள்தோறும் மூன்று மணி நேரத்துக்கு மேல் குந்தியிருந்தவர்களுக்கு முதுமையில் முழங்கால் நோய் மிகுதியாக இருந்ததைக் காட்டிற்று. தொழிலை விடச் சொல்லவில்லை. முறையை மாற்றச் சொல்கின்றோம். அரிவாள்மனையை மேசைமேல் வைக்கும் கத்தியாகவும், மீன் கழுவும் இடத்தை முக்காலி போட்டு அமரும் இடமாகவும் மாற்றுங்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடங்கள். கழிப்பறையில் உயரமான இருக்கை ஒன்றை அமைப்பது ஒரு வார மீன் வருவாயில் முடிந்துவிடும் செலவு. முதிய தாய்க்கு அது ஆண்டுகள் பல உதவும். நம் மாவட்டத்தில் தண்ணீர்க் குடங்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் வழக்கம் உண்டு. இடுப்பில் குடம் சுமப்பதைவிட அதுவே முழங்காலுக்கு நல்லது.

கைத்தடி பிடிக்க வெட்கப்படுவோர் பலர். பிடிப்போரிலும் பலர் தவறான கையில் பிடிக்கின்றனர். வலது முழங்கால் நோகுமானால் தடி இடது கையில் இருத்தல் வேண்டும். தொங்கவிட்ட கையின் மணிக்கட்டு வரை தடியின் உயரம் போதும். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோகும் கால் முதலில். நல்லவர் மேலே, தீயவர் கீழே என்று நினைவில் வைத்துக்கொண்டால், மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளும் பாட்டிமாருக்கு நினைவூட்டுவர்!

மாத்திரை, ஊசி, பொடி

ஒத்தடமும் எண்ணெய்த் தடவலும் இதமளிக்கும், செய்யலாம். முடக்கத்தான் கீரை நல்ல உணவு; உண்ணலாம். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பை அது மீண்டும் வளர்க்கும் என்று நம்பி நடையை விட்டுவிடக் கூடாது. மேலே தடவும் வலிநீக்கிக் களிம்புகள், குறிப்பாக டைக்ளோஃபினாக் களிம்பு, முழங்காலுக்குப் பயன் தருவதாக நிறுவப்பட்டுள்ளது. அம்மருந்தையே மாத்திரையாக விழுங்கும்போதுதான் ஆபத்து. இரைப்பையைப் புண்ணாக்கும், இரத்த அழுத்தத்தை உயர்த்தும், சிறுநீரகத்தைத் தாக்கும். வாலிநோக்கம் உப்பளத்திலும் நடுக்கடலிலும் வியர்த்து, நீர் வற்றிய உடலோடு வலி மாத்திரை விழுங்குவோருக்குச் சிறுநீரகப் பாதிப்பு இன்னும் எளிதில் நேரும். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டுமே உட்கொள்க.

பெயர்ச்சீட்டு இல்லாத பொடிகளையும் உருண்டைகளையும் விற்க வருவோரிடம் எச்சரிக்கையாய் இருங்கள். இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தமை பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. மூன்று நாளில் வலி பறந்துபோகும். முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு நொய்ந்துபோகும்.

ஊசிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூட்டினுள் போடும் ஸ்டீராய்டு ஊசி கடும் வலியைச் சில வாரங்களுக்குத் தணிக்கும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என இரண்டாண்டு போட்டுப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலி குறையவில்லை. குருத்தெலும்போ கூடுதலாகக் கரைந்தது. நம் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடும் விலையுயர்ந்த 'பி.ஆர்.பி.' ஊசியை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்து 2021இல் வெளியிட்டனர். ஓராண்டின் முடிவில் உப்புநீர் ஊசிக்கும் அதற்கும் வலியில் வேறுபாடு இல்லை.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்த சோதனை ஒன்று இன்னும் வியப்பானது. சிறு துளையிட்டு மூட்டைக் கழுவிச் சுரண்டும் அறுவை அக்காலத்தில் பரவலாகச் செய்யப்பட்டது. 180 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பினர். 2002இல் முடிவு வெளியாயிற்று. உண்மையான அறுவை பெற்றவர்களும் வெறும் கீறல் பெற்றவர்களும் இரண்டாண்டு முழுதும் ஒரே அளவு நலமே பெற்றிருந்தனர்! செலவு மிகுந்த மருத்துவமெல்லாம் சிறந்த மருத்துவமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

முழந்தாளிடுவோருக்கு

இனி ஆலயத்துக்கு வருவோம். முழங்கால் நோவோடு தரையில் முழந்தாளிட்டு எழ முடியாமல் தவிக்கும் முதியோர் உள்ளனர். அதற்கு நாணித் திருப்பலிக்கே வராமல் நின்றுவிட்டவர்களும் உள்ளனர். அவர்களை எண்ணியே இப்பகுதியை எழுதுகின்றோம்.

ஆண்டவரின் சகோதரர் எனப்படும் புனித யாகப்பர் இடைவிடாது முழந்தாளிட்டுச் செபித்ததால் அவர் முழங்கால்கள் ஒட்டகத்தின் முழங்கால்களைப் போல் காய்த்துப்போயின என்னும் மரபை, வரலாற்றாசிரியர் எவுசேபியு பதிந்து வைத்துள்ளார். அத்தகைய பக்தி போற்றத்தக்கது. ஆனால் திருச்சபை நோயுற்றோரிடம் அதைக் கேட்கவில்லை. எழுந்தேற்ற வேளையில் முழந்தாளிட வேண்டும் என்று கூறும் உரோமைத் திருப்பலி நூலின் முன்னுரை, 43ஆம் எண்ணிலேயே, உடல்நலமின்மை தடையாயின் அது வேண்டியதில்லை என்றும் கூறுகின்றது. அத்தகையோர் குரு தாழ்ந்து வணங்கும்போது தாமும் ஆழ்ந்து தலைவணங்கினால் போதும். மேலும், முழந்தாட்பணிவுக்குப் பதிலாகக் கைகூப்பித் தாழ்ந்து வணங்கும் நம் நாட்டு முறைக்கு 1969லேயே உரோமை இசைவளித்தது. நாற்காலியில் அமர்ந்து செபிப்பவர் பக்தியில் குறைந்தவர் என்று எவரும் எண்ண வேண்டா.

வேளாங்கண்ணியில் மணற்பாதையில் முழங்காலால் நடந்து நேர்ச்சை செலுத்துவோர் நம் ஊர்களிலிருந்தும் செல்கின்றனர். மூட்டு நோயுள்ளவர்கள் அப்பாதையைக் காலாலேயே நடந்து, செபமாலை சொல்லி நிறைவேற்றலாம். நேர்ச்சையை வேறொன்றாக மாற்றித் தரும்படி பங்குக்குருவைக் கேட்கவும் தயங்க வேண்டா. வீட்டில் மாலைச் செபமாலையின்போது நாற்காலியில் அமருங்கள். ஒவ்வொரு தேவ இரகசியத்தின் தொடக்கத்திலும் எழுந்து நின்று மெல்ல அமருங்கள். செபமும் தடைப்படாது, மூட்டும் விறைக்காது.

மருத்துவரிடம் விரைய வேண்டியது எப்போது?

மூட்டு சிவந்து சூடேறிக் காய்ச்சலும் கண்டால், விழுந்தபின் காலூன்ற முடியாமற்போனால், மூட்டு மடங்காமல் பூட்டிக்கொண்டால், கெண்டைக்கால் திடீரென வீங்கினால் அன்றே மருத்துவமனை செல்க. காலை விறைப்பு அரைமணிக்கு மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்குமானால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் வேறு. 2006இல் நம் மாநிலமெங்கும் பரவிய சிக்குன்குனியா போன்ற காய்ச்சலுக்குப் பின் நீடிக்கும் மூட்டுவலியும் வேறு வகை.

பயிற்சி கற்றுத்தர ஆள் வேண்டுமெனில் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நடமாட இயலாதோரின் இல்லத்துக்கே இயன்முறை மருத்துவத்தைக் கொண்டுசென்றது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கேட்டறியுங்கள். இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகின்றது.

அறுவையை நாம் இகழவில்லை. டென்மார்க்கில், மூட்டு மாற்று அறுவைக்கு உரிய நிலையிலிருந்த 100 பேரை இரு பிரிவாக்கினர். அனைவருக்கும் பயிற்சியும் அறிவுரையும் அளித்து, பாதிப்பேருக்கு மட்டும் அறுவையும் செய்து, 2015இல் முடிவை வெளியிட்டனர். அறுவை பெற்றவர்களுக்கு வலி மிகுதியாகக் குறைந்தது. கடும் பின்விளைவுகளும் அவர்களிடையே மிகுதி. அறுவை பெறாத 50 பேரில் ஓராண்டுக்குள் அதை நாடியவர் 13 பேர் மட்டுமே. ஏனையோர் அஃதின்றியே அந்த ஆண்டைக் கடந்தனர். ஆகவே பல மாதம் ஒழுங்காகப் பயின்றும் இரவில் உறக்கமின்றி, வாசல் வரை நடக்கவும் இயலாத நிலையில் அறுவை ஒரு வரமே. அதற்கு முன்னும் தசையை வலுப்படுத்தியவர் அதன் பின் விரைவில் தேறுவர். எவ்வழியாயினும் பயிற்சி வீண்போவதில்லை.

குடும்பத்தாருக்கு ஒரு சொல். "நீங்க சும்மா உட்காருங்கம்மா" என்று அன்போடு சொல்லும் மகளும் மருமகளும், அறியாமலே தாயின் காலைக் கட்டிப்போடுகின்றனர். அவர் கையிலிருந்து சுமையை வாங்குங்கள், நடையை வாங்காதீர்கள். மாலையில் அவரோடு தெருமுனை வரை நடந்து வாருங்கள். உயரமான நாற்காலி ஒன்றை வாங்கி வையுங்கள். ஞாயிறன்று கைபிடித்து ஆலயத்துக்கு அழைத்து வாருங்கள். தேய்ந்தது குருத்தெலும்பின் ஒரு பகுதியே; அதைச் சுற்றியுள்ள தசைக்கும், அவரைச் சூழ்ந்துள்ள அன்புக்கும் இன்னும் வலுவூட்ட முடியும். இன்றைக்குப் பத்து அடி, நாளைக்குப் பதினைந்து அடி எனத் தொடங்குவோம்.